கட்டாயம் விரும்பத்தக்கது

ஊரில் மைக்கம்மாவின் முகத்தை அறிந்தவர்கள் சொற்பம். குரலை அறியாதவர்கள் யாரும் இல்லை. பேருந்து நிலையத்தில் பொதுக் கழிப்பறைக்கும் தொலைந்த பொருட்கள் அறைக்கும் நடுவில், ஒரு நாற்காலியும் ஒரு மைக்கும் வைத்தால் நிறைந்துவிடும் அறையில் உட்கார்ந்துகொண்டு, எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எப்போது கிளம்பும், ஏன் இன்னும் கிளம்பவில்லை என்று வருஷக்கணக்காகச் சொல்லிவந்தவள் அவள். வண்டி ரத்தானதைக்கூடப் பயணிகளுக்கு ஏதோ சலுகை கிடைத்த மாதிரி சொல்வாள். கேட்டவர்கள் கோபப்பட மறந்து வீட்டுக்குத் திரும்பிப் போயிருக்கிறார்கள்.

அந்தக் குரல்மேல் அவளுக்கு இருந்த கர்வத்தை மறைத்துவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது. நடந்ததில் பாதி அந்தக் கர்வத்தால் வந்ததுதான் என்று அவளே பின்னாளில் சொல்லிச் சிரிப்பாள். குளிர்ந்த எதையும் தொடமாட்டாள். மழைக்காலம் வந்துவிட்டால் கழுத்தில் கம்பளித் துண்டு. மற்றவர்கள் பேசும்போது அவர்களுடைய லகரமும் ளகரமும் எங்கே இடம் மாறுகின்றன என்று கவனிப்பாளே தவிர, என்ன சொல்கிறார்கள் என்பது காதில் ஏறாது. கணவரைச் சாப்பிடக் கூப்பிடும்போது 'பயணிகள் கவனத்திற்கு' என்பது நாக்கு நுனிவரை வந்துவிடும். சில நாள் வெளியேயும் வந்துவிடும்.

கணவர் மின்விசிறி பழுதுபார்ப்பவர். அவர் கடைக்கு அடுத்த கடை, மைக்கம்மாவின் அண்ணன் நடத்தும் சலூன். கல்யாணமே அந்தப் பக்கத்துக் கடைப் பழக்கத்தில் அமைந்ததுதான். மச்சானும் மாப்பிள்ளையும் ஒரே டீயை இரண்டு டம்ளரில் ஊற்றிக் குடிப்பவர்கள். கடை பூட்டும்போது ஒருவர் பூட்டை மற்றவர் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் போவார்.

இப்படி இருந்தபோது நோய் வந்தது. முதலில் எங்கோ தூரத்தில் வந்தது. பிறகு பக்கத்து ஊருக்கு வந்தது. அப்புறம் நகராட்சிக்கு முன்கூட்டியே தெரியப்படுத்தாமல் உள்ளேயே வந்துவிட்டது. பேருந்துகள் நின்றன. அறிவிக்க ஒன்றுமில்லாமல் மைக்கம்மா தன் அறையில் உட்கார்ந்து, மைக்கின் பஞ்சு உறையைத் துவைத்துக் காயப்போட்டாள். அது காய்ந்துகொண்டிருந்தபோதுதான் நகராட்சியிலிருந்து ஆள் வந்தது. ஆணையர் கூப்பிடுகிறார், உங்கள் குரல் வேண்டுமாம் என்றார்கள். முகத்தைக்கூடக் கழுவாமல் கிளம்பிவிட்டாள்.

நோய்த்தடுப்பு உயர்நிலை ஒருங்கிணைப்புக் குழு நகராட்சியின் மாடி அறையில் கூடியிருந்தது. ஆணையர் நடுவில். அவருக்கு இரண்டு பக்கமும் இரண்டு டாக்டர்கள். ஒருவர் நெஞ்சக மருத்துவர். நோய் காற்றில் பரவுகிறது, ஜன்னலைத் திற, முகக்கவசம் போடு என்பது அவர் கட்சி. மற்றவர் சுகாதாரப் பிரிவின் தலைவர். நோய் கையில் பரவுகிறது, கையைக் கழுவு, ஜன்னலை மூடு, முகக்கவசம் ஜனங்களுக்கு வீண் தைரியம் கொடுக்கும் என்பது அவர் கட்சி. ஊர்க்காரர்கள் அவர்களுக்கு ஜன்னல் டாக்டர், சோப்பு டாக்டர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். இருவரும் ஒரே கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். பகை அப்போதே ஆரம்பித்தது. நோய் அதற்குத் தாமதமாகக் கிடைத்த காரணம்.

மைக்கம்மா உள்ளே போனபோது ஜன்னல் டாக்டர் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்துவிட்டு வந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் சோப்பு டாக்டர் எழுந்துபோய் மூடிவிட்டு வந்து, கையைக் கழுவிக்கொண்டார். இது நெடுநேரம் நடந்தது. பெரிய மனிதர்கள் இப்படி நடந்து களைப்பது அழகில்லை என்று ஆணையருக்குத் தோன்றவே, திறப்பதற்கு ஒரு பணியாளரையும் மூடுவதற்கு ஒரு பணியாளரையும் நியமித்தார். அன்றைய கூட்டத்தில் ஏகமனதாக நிறைவேறிய தீர்மானம் அது ஒன்றுதான்.

பிறகு அறிவிப்பு வாசகம். முகக்கவசம் அணிவது 'கட்டாயம்' என்று எழுத வேண்டும் என்றார் ஜன்னல் டாக்டர். 'விரும்பத்தக்கது' என்பதற்கு மேல் ஒரு எழுத்துக்கூட ஒப்புக்கொள்ளமாட்டேன் என்றார் சோப்பு டாக்டர். ஆணையர் கண்ணை மூடி யோசித்தார். யோசித்து, பேனாவை எடுத்து, இரண்டு சொல்லையும் ஒன்றன்பின் ஒன்றாக எழுதினார். பொது இடங்களில் முகக்கவசம் அணிவது கட்டாயம் விரும்பத்தக்கது.

"ரெண்டு பேர் சொன்னதும் வந்துருச்சு," என்றார். "நாளைக்குத் தப்பாப் போச்சுன்னா டாக்டருங்க சொன்னாங்கன்னு சொல்லிக்கலாம். சரியாப் போச்சுன்னா நிர்வாகம் சொன்னதுன்னு சொல்லிக்கலாம். பொறுப்புன்னா இப்படித்தாம்மா பகிர்ந்துக்கணும்."

மைக்கம்மா தாளை வாங்கிப் படித்துப் பார்த்தாள். பணிவோடு ஒரே ஒரு சந்தேகம் கேட்டாள். சார், இதில் எங்கே நிறுத்திப் படிப்பது?

"எங்கயும் நிறுத்தாதம்மா. நீ நிறுத்தினா ஜனங்க யோசிப்பாங்க."

அவள் நிறுத்தக் கூடாது என்றுதான் நினைத்தாள். ஆனால் வாக்கியம் நீளம். கடைசிச் சொல்லோ தொங்கிப்போய் முடிகிற சொல். அதைத் தொங்கவிட அவள் தொழில் மனசு இடம் கொடுக்கவில்லை. 'கட்டாயம்' என்று குரலை ஏற்றி, அங்கே இத்தனூண்டு மூச்சு வாங்கி, 'விரும்பத்தக்கது' என்று பூப்போல இறக்கினாள். பதிவு செய்தவர் தலையை ஆட்டினார். ஆணையரும் தலையை ஆட்டினார். அர்த்தத்தை யாரும் கவனிக்கவில்லை, அவளும்தான்.

மறுநாள் தெருமுனைக்குத் தெருமுனை ஒலிபெருக்கி முளைத்தது. மைக்கம்மா தேவையே இல்லாத சாமான்கள் வாங்க ஊரெல்லாம் நடந்தாள். ஒவ்வொரு கம்பத்தடியிலும் நின்று, செருப்பு வார் அறுந்துவிட்டது போலக் குனிந்துகொண்டு, தன் குரலைக் கேட்டாள். தபால் நிலையத்துக் கம்பத்தில் அது கொஞ்சம் கரகரத்தது. அதற்காக ஸ்பீக்கர்காரரிடம் சண்டை பிடித்தாள். நோய் என்று ஒன்று இருப்பது அந்த ஒரு நாள் அவளுக்கு மறந்தே போயிற்று.

ஊர் இரண்டானது அந்த வாரத்தில்தான். மூச்சு விழுந்த இடத்தில் வாக்கியம் முடிந்துவிட்டது என்று ஒரு கூட்டம் எடுத்துக்கொண்டது. 'கட்டாயம்' என்று சொன்னபிறகு வருகிற 'விரும்பத்தக்கது' வெறும் ஆறுதல் என்றார்கள். இன்னொரு கூட்டம், வீட்டுக்குக் கட்டாயம் வாங்க என்று சொன்னால் நாளைக்கே பெட்டியோடு போய் நிற்கிறோமா, இது அந்த மாதிரி உபசார வார்த்தை என்றது. முந்தையவர்கள் கட்டாயக் கட்சி, பிந்தையவர்கள் விருப்பக் கட்சி. கட்டாயக் கட்சிக்காரர்கள் வீட்டுக்குள் தனியாக இருக்கும்போதும் முகக்கவசத்தோடு இருந்தார்கள். விருப்பக் கட்சிக்காரர்கள் பேசும்போது வேண்டுமென்றே கிட்டே வந்து பேசினார்கள். இரண்டு கட்சியும் தங்கள் கட்சிக்கு ஆதாரமாகக் காட்டியது மைக்கம்மாவின் குரலைத்தான்.

அவள் கணவர் கட்டாயக் கட்சியில் சேர்ந்தார். காற்றைப் பற்றி இந்த ஊரில் என்னைவிட யாருக்குத் தெரியும் என்று கேட்டார். மேசைமின்விசிறிக்கு முன்னால் பஞ்சைப் பிய்த்துப் பறக்கவிட்டு, வந்தவர் போனவருக்கெல்லாம் கிருமி எப்படிப் போகும் என்று செய்துகாட்டினார். அண்ணனோ விருப்பக் கட்சி. அவருக்கு வேறு வழியும் இல்லை. முகக்கவசம் போட்டவனுக்குத் தாடி மழிப்பது எப்படி என்று அவர் கேட்டதற்குக் குழுவிடமிருந்து பதில் வரவில்லை. முகத்தை நம்பிப் பிழைப்பவர்கள் பாதுகாப்புச் சங்கம் என்று ஒன்று தொடங்கி, அதற்குத் தலைவரும் ஆனார். டீக்கடைக்காரர், பல் கட்டுபவர், புல்லாங்குழல் கற்றுக்கொடுப்பவர் எல்லாரும் உறுப்பினர்கள்.

மைக்கம்மா என்ன செய்தாள் என்றால், சமாளித்தாள். கணவர் கேட்டால் கட்டாயம் என்றாள். அண்ணன் கேட்டால் விருப்பம் என்றாள். இரண்டையும் அதே தெளிவோடு, அதே நம்பிக்கையூட்டும் தொனியில் சொன்னாள். பக்கத்துப் பக்கத்துக் கடைக்காரர்களிடம் இது எத்தனை நாள் நடக்கும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இருவரும் சேர்ந்தே வீட்டுக்கு வந்தார்கள். கணவர் முகக்கவசத்தோடு கூடத்தில் நின்றார். அண்ணன் வாசலிலேயே நின்றார், கணவர் உள்ளே விடாததால்.

"பாப்பா, இப்ப சொல்லு," என்றார் அண்ணன். நரை விழுந்த தங்கையை இன்னும் அவர் அப்படித்தான் கூப்பிடுவார். "அதைப் படிக்கும்போது நீ மனசுல என்ன நெனச்சுப் படிச்சே?"

பதிவு அறையில் அந்த நேரத்தில் தன் மனதில் என்ன இருந்தது என்று அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. 'விரும்பத்தக்கது' என்பதில் தகரமும் ககரமும் இரட்டித்து வருகின்றனவே, இரண்டும் ஒரே மாதிரி அழுத்தமாக விழ வேண்டுமே என்பதுதான் இருந்தது. ஒரு ஊரே கைகலக்கும் விஷயத்தில், சொன்னவளுக்கு இருந்த கருத்து அவ்வளவுதான்.

"நான் நல்லாப் படிக்கணும்னு நெனச்சேன் அண்ணே," என்றாள்.

அண்ணன் திரும்பிப் போனார். மறுநாளிலிருந்து பக்கத்துக் கடையில் டீ பிரிவது நின்றது.

குழுவின் பணி இதற்கிடையில் தீவிரமடைந்தது. ஜன்னல்களைத் 'திறந்து மூடி வைக்கவும்' என்று ஓர் அறிவிப்பு வந்தது. பொதுமக்கள் விளக்கம் கேட்டார்கள். ஜன்னல்கள் முழுமையாகப் பாதி திறந்திருக்க வேண்டும் என்று விளக்கம் வந்தது. இடைவெளி விட்டு ஒன்றுபட்டு நிற்போம் என்று ஒரு முழக்கம் வந்தது. வாரத்துக்கு வாரம் வாசகம் மாறியது. ஒவ்வொரு மாற்றத்தின் முடிவிலும், முந்தைய அறிவிப்பு தவறானது அல்ல, அதன் காலம் முடிந்துவிட்டது என்று ஒரு வரி சேர்ந்துகொண்டது. மைக்கம்மா எல்லாவற்றையும் படித்தாள். படிக்கிற நேரத்தில் ஒவ்வொன்றும் அவளுக்கு நியாயமாகவே பட்டது. தன் குரலில் எதைக் கேட்டாலும் நம்பிவிடுகிற முதல் ஆள் தான்தான் என்பது அவளுக்கு அப்போது உறைக்கவில்லை.

கடைத்தெருவில் ஒருநாள் கட்டாயக் கட்சிக்காரர் ஒருவர் விருப்பக் கட்சிக்காரர் முகத்தில் தன் கைக்குட்டையைக் கட்டிவிடப் போக, அவர் இவர்மேல் ஒரு வாளி சோப்புத் தண்ணீரை ஊற்ற, அடிதடி ஆகிவிட்டது. யாராவது ஒருவர்மேல் நடவடிக்கை எடுக்க வேண்டிய கட்டாயம் ஆணையருக்கு. அவர் பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். மூச்சைக் கண்டுபிடித்துவிட்டார். இவ்வளவு குழப்பத்துக்கும் காரணமான அந்த மூச்சைப் பற்றிப் பொது விசாரணை நடக்கும், பொதுமக்கள் திரளாக வந்து கலந்துகொள்ள வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. அந்த அறிவிப்பையும் மைக்கம்மாதான் படித்தாள். இந்த முறை எங்கேயும் மூச்சு வாங்காமல் படித்ததில், முடிவில் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

நகராட்சி அரங்கம் நிரம்பி வழிந்தது. கூட்டம் கூடக் கூடாது என்ற உத்தரவு அமலில் இருந்ததால், இது கூட்டம் அல்ல, விசாரணை என்று வாசலில் பலகை வைத்திருந்தார்கள். இடது பக்கம் கட்டாயக் கட்சி, வலது பக்கம் விருப்பக் கட்சி. இடது பக்க ஜன்னல்கள் ஜன்னல் டாக்டர் பொறுப்பில் திறந்திருந்தன. வலது பக்க ஜன்னல்கள் சோப்பு டாக்டர் பொறுப்பில் மூடியிருந்தன. கிருமிக்கு எந்தப் பக்கம் இடம் என்று யாரும் சொல்லவில்லை. கொஞ்ச நேரத்தில் தூறல் உள்ளே அடித்ததால் இடது பக்கத்தையும் மூடினார்கள்.

ஆணையர் எழுந்து பேசினார். "இந்த நோயை எதிர்த்து நிர்வாகம் எடுக்காத நடவடிக்கை கிடையாது. எடுத்த நடவடிக்கையைத் திரும்ப எடுத்துக்கறதுலயும் நாம தாமதம் பண்ணினது கிடையாது. ஜனங்க குழம்பியிருக்காங்கன்னு சொல்றாங்க. குழம்பினவன் என்ன பண்ணுவான்? எங்க போறதுன்னு தெரியாம வீட்டுலயே இருப்பான். அதுதானே நமக்கு வேணும்? அந்த அளவுல திட்டம் வெற்றி. ஆனா நிர்வாகம் குழப்பினா அது கொள்கை. ஒரு தனி ஆள் குழப்பினா அது ஒழுங்கீனம். அதைத்தான் இன்னிக்கு விசாரிக்கறோம்."

பதிவைப் போட்டார்கள். நிறுத்தினார்கள். மறுபடி போட்டார்கள். ஸ்பீக்கர்காரரைக் கூப்பிட்டு, கேட்பது மூச்சா, கம்பியின் இரைச்சலா என்று கேட்டார்கள். அவர் இரண்டுக்கும் வாய்ப்பு உண்டு என்றார். ஜன்னல் டாக்டர் எழுந்து, அது மூச்சுதான், வெளியே வந்த மூச்சு அரங்கத்தின் கடைசி வரிசைவரை கேட்கிறது என்றால் கிருமியும் அவ்வளவு தூரம் போகும், ஆகவே தான் சொன்னதே சரி என்றார். சோப்பு டாக்டர் எழுந்து, அது உள்ளே இழுத்த மூச்சு, உள்ளே இழுத்ததால் எதுவும் பரவாது, ஆகவே தான் சொன்னதே சரி என்றார். மூச்சு உள்ளே போனதா, வெளியே வந்ததா என்று சபை நெடுநேரம் வாதாடியது. வாதாடியவர்கள் தாராளமாக மூச்சு விட்டார்கள்.

இவ்வளவு பேர் தன் மூச்சைக் கூர்ந்து கேட்கிறார்கள் என்பதில், பயந்துபோயிருந்தபோதும், மைக்கம்மாவுக்கு உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் இருந்தது. பதிவு எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்றுகூட நினைத்துக்கொண்டாள். பிற்பாடு இதைச் சொல்லும்போது தலையில் அடித்துக்கொள்வாள்.

"அந்த இடத்துல ஏம்மா மூச்சு விட்டீங்க?" என்று ஆணையர் கேட்டார்.

"மூச்சு வந்துச்சு சார்."

"வந்தா? அனுமதி வாங்கியிருக்கலாமே."

வலது பக்கத்திலிருந்து அண்ணன் எழுந்தார். என் தங்கை சின்ன வயசிலிருந்தே அப்படித்தான் படிப்பாள், வாய்ப்பாடு ஒப்பிக்கும்போதுகூட மூச்சு வாங்கித்தான் ஒப்பிப்பாள், மூச்சு விட்டதற்கு விசாரணை வைக்கிற ஊர் எங்கே இருக்கிறது என்று கத்தினார். இடது பக்கத்திலிருந்து கணவர் எழுந்தார். மச்சான் சொல்வது முற்றிலும் சரி என்றார். பல வாரங்களுக்குப் பிறகு இருவரும் ஒரே பேச்சுப் பேசுகிறார்களே என்று மைக்கம்மாவுக்குக் கண் கலங்கியது. கணவர் அதோடு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் அந்த மூச்சுக்கு முன்னால் சொன்ன 'கட்டாயம்' என்பதுதான் செல்லும் என்று சேர்த்தார். அண்ணன் நடுவழியைத் தாண்டி வந்து, அவருக்கு நேர் எதிரே நின்று, தொண்டை கமறும்வரை பதில் சொன்னார். இரண்டு பக்கத்துக்காரர்களும் நடுவழியில் இறங்கினார்கள். இடைவெளி என்பது அதோடு முடிந்தது.

மாலையில் தீர்ப்பு வந்தது. மேற்படி மூச்சு நிர்வாகத்தின் மூச்சு அல்ல, அது அறிவிப்பாளரின் தனிப்பட்ட மூச்சு. இனி அறிவிப்புகளின்போது அவர் மூச்சு விடுவதாக இருந்தால் வாசகத்துக்கு முன்போ பின்போ விட்டுக்கொள்ள வேண்டும். கைதட்டிவிட்டு எல்லாரும் ஒரே வாசல் வழியாக இடித்துக்கொண்டு வெளியேறினார்கள். அதற்கு முன்னால், ஊரில் நோய் கட்டுக்குள் இருக்கிறது, பொதுமக்கள் நிம்மதியாக இருக்கலாம் என்று ஒரு புதிய வாசகத்தை அவளிடம் அங்கேயே படிக்கவைத்துப் பதிவு செய்துகொண்டார்கள்.

அந்த வாரத்துக்குள் அரங்கத்தில் இருந்தவர்களில் பாதிப்பேர் படுத்துவிட்டார்கள். ஆணையர் படுத்தார். ஜன்னல் டாக்டர் படுத்தார். அடுத்த நாள் சோப்பு டாக்டர் படுத்தார். திறப்பவர், மூடுபவர் இருவருமே படுத்தார்கள். மைக்கம்மாவுக்கும் கணவருக்கும் காய்ச்சல் வந்து போயிற்று. அவளுக்குக் குரல் கட்டிக்கொண்டது. அதற்கு அவள் அழுதாள். அப்போதுதான் அண்ணி போன் செய்தாள். அண்ணனுக்கு மூச்சு இழுக்கிறது, மருத்துவமனையில் சேர்த்திருக்கிறோம், டாக்டர்கள் எதையும் உறுதியாகச் சொல்லவில்லை என்றாள். மைக்கம்மாவுக்குக் குரல் போனது அதற்குப் பிறகு ஞாபகத்துக்கே வரவில்லை.

கணவரும் அவளும் நடந்தே போனார்கள். வழியெல்லாம் ஒவ்வொரு கம்பத்திலிருந்தும் அவளுடைய குரல், நோய் கட்டுக்குள் இருக்கிறது, நிம்மதியாக இருங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தது. மாற்ற ஆள் இல்லை. குழு முழுவதும் படுக்கையில். வாசகத்தைத் தொடர்ந்து ஓட்டும்படிதான் உத்தரவு இருந்தது. கம்பத்துக்குக் கீழே ஒரு வீட்டிலிருந்து ஒரு பெண்மணியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மைக்கம்மா தலையைக் குனிந்துகொண்டு நடந்தாள்.

மருத்துவமனைக்குள் யாரையும் விடவில்லை. கீழ்த்தளத்து வார்டின் வெளிச்சுவரையொட்டி அண்ணி நின்றிருந்தாள். ஜன்னல் வழியாகப் பார்த்தால் அண்ணன் தெரிந்தார். முகத்தில் பிராணவாயுக் குழாயோடு மூடி போட்டிருந்தது. தாடி காடாக வளர்ந்திருந்தது. ஜன்னலுக்கு நேர் வெளியே ஒரு கம்பம், அதில் வார்டைப் பார்த்தபடி ஒரு ஒலிபெருக்கி.

"அதுதான் அவரைத் தூங்கவே விடல," என்றாள் அண்ணி. "கண்ணை மூடினா நீ நிம்மதியா இருங்கங்கற. அவரு திடுக்குனு முழிச்சுக்கறாரு. உங்க அண்ணன் இவ்வளவு நாள் பேசாம இருந்ததுக்கு நீ சேர்த்து வெச்சுப் பேசற மாதிரி இருக்கு."

மைக்கம்மா அலுவலகத்துக்கு ஓடினாள். அங்கே இருந்தவர், குழுவின் உத்தரவு இல்லாமல் நிறுத்த முடியாது என்றார். குழு எங்கே என்றாள். அவர் அதே வார்டைக் கையால் காட்டினார்.

உண்மைதான். அண்ணனுக்கு எதிர்வரிசையில் மூன்று கட்டில்களில் குழு படுத்திருந்தது. நடுவில் ஆணையர், இரண்டு பக்கமும் இரண்டு டாக்டர்கள். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கட்டிய தொண்டையால், சார், அந்த ஸ்பீக்கரை நிறுத்தச் சொல்லுங்கள் என்று கெஞ்சினாள். ஆணையர் தன் முகத்து மூடியைக் கொஞ்சம் விலக்கினார்.

"குழு கூடணுமேம்மா," என்றார்.

"கூடித்தானே சார் படுத்திருக்கீங்க."

அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். தேவையான உறுப்பினர்கள் இருந்தார்கள். கூட்டம் தொடங்கியது. அவள் சொல்வது சரியாகக் கேட்கவில்லை, ஜன்னலை இன்னும் திறக்க வேண்டும் என்றார் ஜன்னல் டாக்டர். அவள் தொட்ட கம்பியை முதலில் கழுவ வேண்டும், ஜன்னலை மூட வேண்டும் என்றார் சோப்பு டாக்டர். இருவரும் இருமினார்கள். ஒருவர் இருமி முடிக்கும்வரை மற்றவர் காத்திருந்தார். அந்த அளவுக்கு மரியாதை வந்திருந்தது. ஒலிபெருக்கியை நிறுத்தினால் நோய் கட்டுக்குள் இல்லை என்று மக்கள் நினைத்துவிடுவார்கள் என்றார் ஆணையர். நிறுத்தாவிட்டால் நோயாளிகள் தூங்கமாட்டார்கள் என்று ஒரு செவிலியர் சொன்னார். அவர் உறுப்பினர் இல்லாததால் அது பதிவாகவில்லை. கடைசியில், வெளியே இருப்பவர்களுக்குக் கேட்கும்படியும் உள்ளே இருப்பவர்களுக்குக் கேட்காதபடியும் ஒலியைச் சீரமைக்கலாம் என்று முடிவாயிற்று. எப்படி என்பதை ஆராய ஒரு துணைக்குழு. அதற்கான ஆட்களைக் குழு குணமாகி எழுந்ததும் நியமிக்கலாம்.

மைக்கம்மா திரும்பி வந்தாள். அண்ணன் கண்ணை மூடுவதும், ஒலிபெருக்கி பேசுவதும், அவர் விழிப்பதும் தெரிந்தது. தன் குரலை இப்படி வெளியே நின்று, ஒரு நோயாளியின் முகத்தைப் பார்த்தபடி அவள் கேட்டதே இல்லை. எவ்வளவு இனிமையாக இருந்தது!

"ஏங்க," என்றாள் கணவரிடம். "அதை நிறுத்துங்க."

"நகராட்சிச் சொத்தும்மா."

"கொரல் என்னோடது."

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு மருத்துவமனையில் பல்பு மாற்ற வைத்திருந்த ஏணியைக் கேட்டு வாங்கி வந்து, பட்டப்பகலில், எல்லாரும் பார்க்கக் கம்பத்தில் சாத்தி ஏறினார். காய்ச்சலிலிருந்து எழுந்த மனிதர், கால் நடுங்கியது. அவள் ஏணியைப் பிடித்துக்கொண்டாள். அண்ணி இன்னொரு பக்கம் பிடித்தாள். அவர் பையிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்தார். 'நிம்மதியாக' என்ற சொல்லின் நடுவில் குரல் அறுந்தது.

வார்டுக்குள் யாரோ நீளமாக ஒரு பெருமூச்சு விட்டார்கள். அண்ணன் தலையைத் திருப்பி, கம்பத்தின் மேலிருந்த மாப்பிள்ளையையும் கீழே நின்ற தங்கையையும் பார்த்தார். கையை ஒருமுறை தூக்கிக் காட்டிவிட்டுக் கண்ணை மூடினார். சாயங்காலம்வரை அவர் விழிக்கவில்லை. தூங்கத்தான் தூங்குகிறாரா என்று அண்ணி பயந்துபோய் மார்பு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏறி இறங்கியது. அந்த மூச்சைக் கேட்க முடியாவிட்டாலும் மைக்கம்மாவும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அண்ணன் பிழைத்தார். குழுவும் பிழைத்தது. எழுந்ததும் முதல் வேலையாக, நோயைத் தோற்கடித்ததற்காகக் குழு தனக்குத் தானே பாராட்டு விழா எடுத்துக்கொண்டது. ஒலிபெருக்கிக் கம்பியைச் சேதப்படுத்திய விஷமிகளைக் கண்டித்து ஒரு வாசகம் எழுதி, அதைப் படிக்க மைக்கம்மாவைக் கூப்பிட்டனுப்பினார்கள். தொண்டை இன்னும் சரியாகவில்லை என்று சொல்லியனுப்பினாள். பொய்தான். குரல் பழையபடி வந்துவிட்டிருந்தது. குளிக்கும்போது இரண்டு வண்டிகளை அறிவித்துச் சரிபார்த்தும் இருந்தாள்.

அண்ணன் வீட்டுக்கு வந்தபிறகு ஒரு மத்தியானம் கணவரும் அவளும் பார்க்கப் போனார்கள். அண்ணன் பாதியாக இளைத்து, கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து, தானே தாடியை மழித்துக்கொண்டிருந்தார். கை ஓய்ந்துபோகவே பாதியில் நிறுத்தினார். ஒரு கன்னம் மழுமழுவென்றும் மறு கன்னம் புதராகவும் இருந்தது. கணவர் முகக்கவசத்தோடு தள்ளி உட்கார்ந்தார். யார் சரி, யார் தப்பு என்று இருவருமே பேச்சை எடுக்கவில்லை. அண்ணி டீ கொண்டுவந்தாள்.

மைக்கம்மாவால்தான் சும்மா இருக்க முடியவில்லை. அந்த விஷயம் அவள் நெஞ்சில் பாரமாக உட்கார்ந்திருந்தது. கேட்டுவிட்டாள்.

"அண்ணே, நான் மைக்குல சொன்ன பேச்சைக் கேட்டு நடந்திருந்தா, உனக்கு இவ்வளவு தூரம் ஆகியிருக்காதில்ல?"

அண்ணன் கண்ணாடியிலேயே அவளைப் பார்த்தார். கோபமாகத் தெரியவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் மாதிரி கேட்டார்.

"எந்தப் பேச்சை பாப்பா?"

அவள் வாயைத் திறந்தாள். கட்டாயம், விரும்பத்தக்கது, திறக்கவும், மூடவும், கூடாதீர்கள், திரளாக வாருங்கள், நிம்மதியாக இருங்கள் என்று தான் சொன்னவையெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்து போயின. ஒவ்வொன்றையும் எவ்வளவு அழகாகச் சொன்னோம் என்பதும் நினைவுக்கு வந்தது. கணவர் முகக்கவசத்துக்கு மேலே கண்ணை உயர்த்தி அவளைப் பார்த்தார். அண்ணி டம்ளரைக் கையில் வைத்தபடி நின்றாள்.

"தெரியல அண்ணே," என்றாள் மைக்கம்மா. ஏற்றமும் இறக்கமும் இல்லாமல், கொஞ்சம் கரகரப்பாக வந்தது.

அண்ணன் தலையை ஆட்டினார். கணவரும் ஆட்டினார். அந்த நோய்க்காலம் முழுக்க அவள் சொன்னதில், அவர்கள் இருவரும் சேர்ந்து ஒப்புக்கொண்டது அந்த ஒன்றைத்தான்.